பத்து தடவை எழுது

தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளி எதிலும் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் தமிழ் நோட்டைப் புரட்டினால், பெரும்பாலும் குறை சொல்ல எதுவும் இருக்காது. தேதி, பாடத்தலைப்பு, கோடு தாண்டாத எழுத்து, பக்கத்தின் அடியில் ஆசிரியரின் கையொப்பம். அதே பக்கத்தை அந்தப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லும்போதுதான் சிக்கல் வெளியே வரும். ஒரு பிள்ளை பாடத்தை மனப்பாடமாக ஒப்பிக்கும். விரல் ஒரு சொல்லில் நிற்க, வாய் மூன்று சொல் தாண்டிப் போயிருக்கும். இன்னொன்று எழுத்து எழுத்தாகக் கூட்டி, சொல்லின் முடிவுக்கு வருவதற்குள் அதன் தொடக்கத்தை மறந்துவிடும். கரும்பலகையைப் பார்த்து எழுதுவது கண்ணும் கையும் செய்கிற வேலை. வாசிக்கத் தெரியாமலேயே அதை அழகாகச் செய்துவிடலாம். நம் வகுப்பறைகள் பிள்ளைகளிடம் அதிகம் கேட்பதும் அந்த வேலையைத்தான். அதனால் வாசிக்கத் தெரியாத பிள்ளை நான்கைந்து ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் மேல் வகுப்புகளுக்குப் போய்க்கொண்டே இருக்க முடிகிறது.

இப்படி எத்தனை பேர் என்று கேட்டால், ஏசர் என்று அறியப்படும் ஆண்டுக் கல்வி நிலை அறிக்கை ஒரு கணக்குத் தருகிறது. ஊரகப் பகுதிகளில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை வாசிக்கச் சொல்லி எடுத்த கணக்கு அது. 2018-இல் தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 10.2 விழுக்காடு. கொரோனாவுக்காகப் பள்ளிகள் மூடிக் கிடந்து திறந்த பிறகு, 2022-இல், அது 4.8 விழுக்காடாக இறங்கியது. ஐந்தாம் வகுப்பில் 40.7 இலிருந்து 25.2 ஆயிற்று. இந்தக் கணக்கெடுப்பின் மேல் குறை சொல்பவர்கள் உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் வீட்டு வாசலில் வந்து தாளை நீட்டினால் எந்தப் பிள்ளையும் மிரளத்தான் செய்யும். அதற்காகக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும் மிச்சம் சிறியதல்ல.

டிஸ்லெக்சியா என்னும் பிறவியிலேயே வரும் வாசிப்புச் சிக்கல், பல நாட்டு ஆய்வுகளில் அடிக்கடி காணப்படும் கணக்குப்படி, 5 முதல் 10 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. வாசிக்க முடியாத பிள்ளைகளோ அதைப் போலப் பல மடங்கு. அப்படியானால் ஒரே பெஞ்சில் இரண்டு மூன்று வகைப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிறார்கள்: போதுமான அளவு கற்பிக்கப்படாதவர்கள், கற்பித்தும் எழுத்தும் ஒலியும் ஒட்டாதவர்கள், எழுத்து வந்தும் ஏட்டுத் தமிழ் வராதவர்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் பள்ளி வைத்திருக்கும் பெயர் ஒன்று: மெல்லக் கற்போர். வைத்தியமும் ஒன்று: பத்து தடவை எழுது.

அந்த வைத்தியம் ஏன் பலிப்பதில்லை என்பதற்கு ஒரு டிக்டேஷன் போதும். 'அவன் கதவைத் திறந்து வெளியே வந்தான்' என்று ஆசிரியர் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள் இப்படி எழுதுகிறார்கள்.

அவன் கதவ தொறந்து வெளிய வந்தான்.

அவண் கதவைத் திரந்து வெலியே வந்தாண்.

அவ கவதை திந்து வேலிய வதான்.

சிவப்பு மையால் சுழித்தால் முதல் நோட்டில் மூன்று சொல் தப்பு, இரண்டாவதில் நான்கு, மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து. மூவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் இருப்பதாகத்தான் அந்த எண்ணிக்கை காட்டும். உண்மையில் முதல் பிள்ளையின் காது மிகக் கூர்மையானது. வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படியே, ஒரு ஒலி விடாமல், எழுத்தில் இறக்கியிருக்கிறது. 'திறந்து' நம் வாயில் 'தொறந்து' ஆகிறது, 'இலை' 'எல' ஆகிறது, 'உடம்பு' 'ஒடம்பு' ஆகிறது. எழுத்துக்கூட்டும் கலையை இந்தப் பிள்ளை கற்றுவிட்டது. ஏட்டுத் தமிழைக் காதால் போதுமான அளவு கேட்கவில்லை, அவ்வளவுதான். இதற்கு மருந்து கதைகளை வாசித்துக் காட்டுவது, நிறையக் காட்டுவது. பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரத்தைத் தப்பு என்று சொல்லாமல் 'நாம் இப்படிச் சொல்வோம், புத்தகத்தில் இப்படி எழுதுவோம்' என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால் இந்தப் பிள்ளை சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது பிள்ளையின் சிக்கல் தமிழ் எழுத்துமுறை தருகிற சிக்கல். ர-ற, ல-ள-ழ, ந-ன-ண என்னும் வேறுபாடுகள் ஏட்டில் நிற்கின்றன. பெரும்பாலான ஊர்ப் பேச்சுகளில் அவை பாதி கரைந்துவிட்டன. குமரி மாவட்டத்திலும் யாழ்ப்பாணத்திலும் ரகரத்தையும் றகரத்தையும் பிரித்துச் சொல்லும் வழக்கம் மிஞ்சியிருக்கிறது. மற்ற ஊர்ப் பிள்ளையிடம் 'நல்லா கேட்டு எழுது' என்றால் கேட்க அங்கே எதுவும் இல்லை. ஆசிரியரே இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்கிறார். இந்தப் பிள்ளைக்குத் தேவை எழுத்து எங்கே வரும் என்ற அறிவு. ணகரத்தை 'மூணு சுழி', னகரத்தை 'ரெண்டு சுழி' என்று சொல்லிக் கொடுக்கிறோம்; அது உருவத்தைத்தான் சொல்கிறது. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பழைய பெயர்கள் இடத்தையும் சேர்த்துச் சொல்கின்றன: டகரத்துக்கு முன் ண், றகரத்துக்கு முன் ன், தகரத்துக்கு முன் ந். வண்டி, கன்று, பந்து. ணகரமும் னகரமும் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வருவதில்லை, றகரமும் ளகரமும் ழகரமும் அப்படியே. இவற்றை மேல் வகுப்பு இலக்கணத்தில் இனவெழுத்து, மொழிமுதல் எழுத்து என்று மதிப்பெண்ணுக்காக நடத்துகிறோம். மூன்றாம் வகுப்பில் எழுத்துப்பிழைக்கு மருந்தாக நடத்தினால் பாதிப் பிழைகள் குறையும் என்பது என் கருத்து. மீதிப் பாதிக்கு விதி கிடையாது. மரம்-மறம், அலை-அழை போன்றவற்றைப் பொருளோடு சேர்த்து, நாலைந்து நாலைந்தாக, நினைவில் ஏற்றத்தான் வேண்டும்.

மூன்றாவது பிள்ளைதான் ஆபத்தில் இருக்கிறது. இங்கே மெய்யெழுத்துகள் காணாமற்போகின்றன, எழுத்துகள் இடம் மாறுகின்றன, குறிலும் நெடிலும் குழம்புகின்றன. 'வந்தான்' என்பதைக் கைதட்டிச் சொல்லிப் பாருங்கள்: இரண்டே தட்டு. பிள்ளை அந்த இரண்டு தட்டுக்கு 'வ', 'தா' என்று இரண்டு எழுத்தை உறுதியாக எழுதுகிறது. தட்டுக்குள் ஒளிந்திருக்கும் 'ந்' அதன் காதில் தனியாக விழவில்லை. பெங்களூரில் கன்னடப் பிள்ளைகளின் வாசிப்பை நெடுநாள் ஆராய்ந்த சோனாலி நாக், 2007-இல் வெளியிட்ட கட்டுரையில் இதை ஒட்டிய ஒன்றைக் காட்டினார். அசை அசையாக எழுதும் இந்திய எழுத்துமுறைகளில் பிள்ளைகளுக்கு அசை உணர்வு சீக்கிரம் வருகிறது. அசைக்குள் இருக்கும் தனி ஒலிகளின் உணர்வு மெதுவாகத்தான் வருகிறது. எழுத்துகள் முழுவதும் வசப்பட நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது. முதல் வகுப்பு முடிவதற்குள் எல்லா எழுத்தும் வந்துவிட வேண்டும் என்று நாம் போடும் கெடு எந்த ஆய்வின் மேலும் நிற்கவில்லை.

கன்னடத்தோடு ஒப்பிட்டால் தமிழ்ப் பிள்ளைக்குச் சில சலுகைகள் உண்டு. நமக்குக் கூட்டெழுத்து இல்லை. மெய் தன் புள்ளியோடு தனியாக நிற்கிறது. ஒலி கண்ணுக்குத் தெரிகிறது. 1978-இல் எம்.ஜி.ஆர். அரசு, பெரியார் 1935-இலிருந்து தம் ஏட்டில் கையாண்ட சீர்திருத்தத்தை ஏற்றபோது ணா, றா, னா, லை, ளை போன்றவற்றின் தனி உருவங்கள் ஒழிந்தன. (தாத்தா எழுதிய பழைய கடிதத்தை இன்றைய பிள்ளை தடுமாறி வாசிப்பது அதற்குக் கொடுத்த சிறிய விலை.) ஆனால் உகர, ஊகார வரிசைகளை அந்தச் சீர்திருத்தம் தொடவில்லை. கு, சு, டு, து, கூ, சூ, தூ என்று ஒன்றைப்போல் ஒன்று இல்லாத உருவங்கள் அப்படியே நிற்கின்றன. கெ, கே, கை ஆகியவற்றில் வாய் பின்னால் சொல்லும் உயிரைக் கை முன்னால் எழுத வேண்டும். கொ, கோ இரண்டிலும் அது மெய்யின் இருபுறமும் நிற்கிறது. 'க, கா, கி, கீ' என்று ராகம் போட்டு ஒப்பிக்கும் பிள்ளையிடம் 'கொ'வைத் தனியாகக் காட்டிக் கேட்டால் வரிசையை முதலிலிருந்து பாடித்தான் கண்டுபிடிக்கும். 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் மாட்டுவது தவறில்லை. அதை ஒப்பிப்பதையே எழுத்தறிவு என்று எண்ணுவதுதான் தவறு.

மூன்றாவது பிள்ளையை அடையாளம் காண ஆசிரியருக்குப் பெரிய கருவிகள் வேண்டியதில்லை. பிலிப் காஃப், வில்லியம் டன்மர் இருவரும் 1986-இல் சொன்ன எளிய சூத்திரம் உதவும்: வாசித்துப் புரிந்துகொள்வது என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கி வருவது. இரண்டில் ஒன்று பூஜ்யமானால் விடையும் பூஜ்யம். ஆகவே பாடத்தின் ஒரு பத்தியை ஆசிரியரே உரக்க வாசித்துக் கேள்வி கேட்க வேண்டும். பிள்ளை பளிச்சென்று பதில் சொன்னால் அறிவிலோ மொழியிலோ குறையில்லை, எழுத்தில்தான் சிக்கல். பிறகு 'தமுலி', 'பெகோடு', 'நாட்டிசு' என்று பொருளே இல்லாத சில சொற்களை எழுதி வாசிக்கச் சொல்ல வேண்டும். மனப்பாடமும் ஊகமும் இங்கே கைகொடுக்காது. இவற்றுக்கு முன்னால் கண்ணையும் காதையும் மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது. ஆனால் நிறக் கண்ணாடி போட்டால் வாசிப்பு வந்துவிடும் என்று விற்கிறவர்களிடம் போக வேண்டாம். அதற்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் கண் மருத்துவர் அமைப்புகளோடு சேர்ந்து 2009-இலேயே அறிக்கை விட்டிருக்கிறது.

பேச்சில் கெட்டிக்காரன், எழுத்தில் திணறுகிறான் என்ற இந்த முரண்தான் முதன்முதலில் மருத்துவர்களின் கண்ணில் பட்டது. 1896-இல் இங்கிலாந்தின் சீஃபோர்டு என்ற கடலோர ஊரின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுப் பையனைப் பற்றி பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். கணக்கு நன்றாக வந்தது. சொந்தப் பெயரை எழுத்து மாற்றி எழுதினான். பாடமெல்லாம் வாய்மொழியாக நடந்தால் பள்ளியிலேயே இவன்தான் முதல் என்று அவன் வாத்தியார் சொன்னாராம். அதன் பிறகு நடந்த ஆய்வுகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தைப் பற்றியது என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. எழுத்துக்கும் ஒலிக்கும் இவ்வளவு ஒட்டாத உறவுள்ள மொழி குறைவு. எழுத்துமுறை ஒழுங்காக உள்ள மொழிகளில் டிஸ்லெக்சியா வேறு முகம் காட்டுகிறது. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் விம்மர் 1993-இல் ஜெர்மன் பேசும் பிள்ளைகளைப் பற்றி எழுதியபோது, டிஸ்லெக்சியா உள்ளவர்கள் பொருளற்ற சொற்களைக்கூடப் பெரும்பாலும் சரியாகவே வாசித்தார்கள், ஆனால் மிக மிக மெதுவாக வாசித்தார்கள் என்று காட்டினார்.

தமிழ் இந்த விஷயத்தில் ஆங்கிலத்தைவிட ஜெர்மனுக்கு நெருக்கம். ஏழாம் வகுப்பில் 'பள்ளிக்கூடத்திலிருந்து' என்ற சொல்லைப் பிழையில்லாமல் எழுத்துக்கூட்டி முடிக்கும் பிள்ளையை 'வாசிக்கிறான்' என்று கணக்கில் சேர்த்துவிடுகிறோம். அவன் அந்த ஒரு சொல்லுக்கு எடுத்துக்கொள்ளும் நேரத்தில் பக்கத்தில் இருப்பவள் வாக்கியத்தையே முடித்துவிடுகிறாள். வேற்றுமை உருபு, காலம், எண், பால் எல்லாம் ஒட்டி ஒட்டி நீளும் தமிழ்ச் சொல் மெதுவாக வாசிப்பவனை இரட்டிப்பாகத் தண்டிக்கிறது. ஆகவே இங்கே பயிற்சி எழுத்து மட்டத்தில் நின்றுவிடக் கூடாது. '-கிறார்கள்', '-இலிருந்து', '-க்காக', '-ஆதவர்கள்' போன்ற சொல்லின் வால்களை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்ளப் பழக்க வேண்டும். ஒரே சிறு பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்க வைத்து நேரம் குறைவதைப் பிள்ளைக்கே காட்டலாம். திரும்பத் திரும்ப எழுதுவதில் கிடைக்காத பலன் திரும்பத் திரும்ப வாசிப்பதில் கிடைக்கிறது.

எது பலன் தரும் என்பதற்கு உறுதியான சான்றுகள் உண்டு. ஆக்ஸ்ஃபோர்டில் லினெட் பிராட்லி, பீட்டர் பிரையன்ட் இருவரும் ஒலிகளைப் பிரித்தறியத் திணறிய 65 சிறு பிள்ளைகளைப் பிரித்து, சிலருக்கு ஒலி விளையாட்டு மட்டும், சிலருக்கு ஒலி விளையாட்டோடு பிளாஸ்டிக் எழுத்துகளும் என்று இரண்டாண்டுகளில் 40 முறை பயிற்சி கொடுத்தார்கள். ஒலியும் எழுத்தும் சேர்ந்து பயின்றவர்களே முன்னே போனார்கள். 1983-இல் நேச்சர் இதழில் அது வெளிவந்தது. தமிழில் இதற்கு நல்ல பொருள் கையருகே இருக்கிறது: படு, பாடு, பட்டு, பாட்டு. ஒரு கால் சேர்ந்தால் ஒன்று, ஒரு மெய் சேர்ந்தால் இன்னொன்று. எழுத்து அட்டைகளைப் பிள்ளையே நகர்த்தி, நகர்த்தும்போதே சொல்லி, நான்கு சொல்லையும் மாற்றி மாற்றிக் கட்டினால் மூன்றாவது பிள்ளையின் நோட்டில் காணாமற்போன மெய் அதன் விரலுக்குக் கீழே வந்து நிற்கும்.

வயது ஏறியவர்களுக்கும் வழி உண்டு, ஆனால் அதிக நேரம் பிடிக்கும். அமெரிக்காவில் ஜோசஃப் டார்கிசன் குழுவினர் கடுமையான வாசிப்புச் சிக்கல் உள்ள, எட்டு முதல் பத்து வயதான 60 பிள்ளைகளுக்குத் தனித்தனியாக, நாளுக்கு இரண்டு முறை 50 நிமிடம் வீதம், எட்டு வாரத்தில் 67.5 மணி நேரம் கற்பித்தார்கள். 2001-இல் வந்த அறிக்கையின்படி சரியாக வாசிப்பதும் புரிந்துகொள்வதும் பெரிதும் மேம்பட்டு இரண்டு ஆண்டுக்குப் பிறகும் நிலைத்தன. வேகம் மட்டும் பின்தங்கியே இருந்தது. அந்த 67.5 மணி நேரத்தை நாளுக்கு 20 நிமிடமாகப் பிரித்தால் சுமார் 200 நாள் வருகிறது. நம் பள்ளியின் ஒரு கல்வியாண்டு கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்பைப் பார்க்கும் பள்ளியில் அந்த 20 நிமிடத்தை யார் கொடுப்பது என்பது நியாயமான கேள்வி. இதற்கு ஒரு விடை சென்னையிலிருந்தே ஒருமுறை உலகுக்குப் போயிருக்கிறது. 1789-இல் எழும்பூரில் இருந்த ஆண்பிள்ளைகள் அநாதை விடுதியின் பொறுப்பை ஏற்ற ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைப் பார்த்துத் தம் பள்ளியிலும் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அதோடு சேர்த்து 1797-இல் புத்தகமாக்கினார். இங்கிலாந்தில் அது 'மதராஸ் முறை' என்றே பரவியது. எழுத்தைச் சொல்லிக்கொண்டே விரலால் எழுதும் திண்ணைப் பள்ளிப் பழக்கத்தை, 20-ஆம் நூற்றாண்டில் சாமுவேல் ஆர்ட்டனும் அன்னா கில்லிங்ஹாமும் அமெரிக்காவில் டிஸ்லெக்சியா பிள்ளைகளுக்காக வகுத்த பயிற்சியிலும் காணலாம். விரலால் தடவுவதே மாயம் செய்கிறது என்று நான் நம்பவில்லை. எளியதிலிருந்து கடினத்துக்கு ஒழுங்காகப் போவதும், விட்டுவிடாமல் தினமும் செய்வதும்தான் பலனைத் தருகின்றன. அதை ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் செய்ய முடியும், என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர் சொல்லிக் கொடுத்திருந்தால்.

அரசு சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி 2007-08 வாக்கில் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏணியில் ஏறலாம் என்றது. 2022-23இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறது. வகுப்பைப் பார்க்காமல் நிலையைப் பார்ப்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் 'அரும்பு' என்பது பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்கிறதே தவிர ஏன் அங்கேயே நிற்கிறது என்று சொல்வதில்லை. மேலே கண்ட மூன்று நோட்டுகளின் சொந்தக்காரர்களும் ஒரே நிலையில், ஒரே பயிற்சித்தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க முடியும்.

சட்டத்தின் பக்கம் வந்தால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடும் ஒன்று. 2018-இல் வந்த மதிப்பீட்டு விதிகளின்படி சான்றிதழ் எட்டு வயதுக்குப் பிறகே கிடைக்கும். சான்றிதழ் இருந்தால் தமிழ்நாட்டுப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்தில் விலக்கு ஆகியவை உண்டு. பதினைந்து வயதில் தேர்வு மேசையில் தவிக்கும் பிள்ளைக்கு இவை நியாயமான உரிமைகள். இவற்றைப் பெற்றோர் தயங்காமல் கேட்க வேண்டும். என் வருத்தம் வேறு. எட்டு வயது வரை சான்றிதழுக்குக் காத்திருப்பது, கிடைத்த பிறகு சலுகையோடு நிறுத்திக்கொள்வது என்ற பழக்கத்தில், ஆறு வயதிலேயே தொடங்கியிருக்க வேண்டிய கற்பித்தல் நடுவில் நழுவிப்போகிறது. மதிப்பீட்டுக் கருவிகளிலும் தமிழ் பிந்தித்தான் வந்தது. தேசிய மூளை ஆராய்ச்சி மையம் இந்திய மொழிகளுக்காக உருவாக்கிய டிஸ்லெக்சியா மதிப்பீடு 2015-இல் வெளிவந்தபோது அதில் இருந்தவை இந்தி, மராத்தி, கன்னடம், ஆங்கிலம். சென்னையில் 1990-களின் தொடக்கத்திலிருந்து இயங்கும் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் போன்றவற்றின் வாசலை எட்ட முடியாத ஊரக, தமிழ்வழிப் பிள்ளைக்கு வகுப்பாசிரியரே முதல் மதிப்பீட்டாளர். பல நேரங்களில் கடைசி மதிப்பீட்டாளரும் அவரே.

உயர்நிலைப் பள்ளிக்கு வந்துவிட்ட பிள்ளையின் கதை தனி. மீசை அரும்பும் வயதில் அணில், ஆடு படம் போட்ட புத்தகத்தை நீட்டினால் அவன் வாசிக்க மாட்டான், வகுப்பையே விட்டுவிடுவான். கிரிக்கெட் ஸ்கோர், பேருந்துப் பலகை, சினிமாச் செய்தி, இருசக்கர வாகனத்தின் பராமரிப்புத் தாள் என்று அவன் வயதுக்குத் தகுந்த எழுத்தைத் தேடிக் கொடுக்க வேண்டும். அறிவியல் ஆசிரியர் வினாத்தாளை ஒருமுறை உரக்க வாசித்துவிடலாம். விடையின் கருத்துக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டு எழுத்துப்பிழையைத் தனியாகக் குறித்து வைக்கலாம். எல்லார் முன்னாலும் திடீரென்று எழுப்பி வாசிக்கச் சொல்வதை நிறுத்தி, நாளைக்கு இந்தப் பத்தி உனக்கு என்று முந்தின நாளே சொல்லிவிட்டால், வீட்டில் நாலு முறை வாசித்துவிட்டு வருவான்.

ஆண்டு முடிவில் மதிப்பெண் பட்டியல் அடுத்த வகுப்பு ஆசிரியர் கைக்குப் போகிறது. அதோடு, ஜூனில் எழுதியது ஒன்று, ஏப்ரலில் எழுதியது ஒன்று என ஒவ்வொரு பிள்ளையின் நான்கு வரி டிக்டேஷன் தாள்கள் இரண்டும் திருத்தப்படாமல் சேர்ந்து போனால், புதிய ஆசிரியர் எங்கே தொடங்குவது என்று முதல் வாரத்திலேயே முடிவு செய்யலாம். இதற்கென்று புதிய படிவம் எதுவும் வேண்டாம். ஆசிரியர்கள் நிரப்பும் படிவங்கள் ஏற்கெனவே ஏராளம்.